தட்டில் விட்டுவந்த சில்லறை

பிரான்சு தேசத்துக் கடைகளில் காசைக் கையில் வாங்குவதில்லை. கல்லாவுக்கு முன்னால் உள்ளங்கையளவு ஒரு தட்டு இருக்கும். சில கடைகளில் கண்ணாடி, சில கடைகளில் பீங்கான், அபூர்வமாகப் பித்தளை. நாம் கொடுக்க வேண்டியதை அந்தத் தட்டில் வைக்க வேண்டும்; கையை நீட்டினால் கடைக்காரர் கையைப் பார்ப்பாரே தவிர வாங்கிக்கொள்ளமாட்டார். லண்டனில் ஐந்தாண்டுகள் குடித்தனம் நடத்தியிருந்த எனக்கு, கடைக்காரரின் கையும் வாடிக்கையாளரின் கையும் தொட்டுக்கொள்ளும் வியாபாரமே பழகியிருந்தது. ஆங்காங்கே நான் பட்ட அந்நியத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. ஆனால் இந்தத் தட்டை அந்த நோட்டில் நான் குறித்துக்கொள்ளவே இல்லை. காரணம், அது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ஒரு வெளிநாட்டில் கால் வைத்த முதல் நாளிலேயே இவ்வளவு நெருக்கமான ஒரு பொருளைக் கண்டோமே என்று மனம் குளிர்ந்து போனேன். அந்தக் குளிர்ச்சிக்கு நான் கொடுத்த விலையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

திருவண்ணாமலையில் தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா கீழ்பென்னாத்தூரில் ஒரு நிலக்கடலை மண்டியில் கணக்கர். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் அந்தக் கடலைதான் எங்களுக்குச் சோறு போட்டது. திங்கட்கிழமைதோறும் அம்மா என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போவாள். தீபாராதனைத் தட்டில் போட எனக்கு ஒரு காலணா உண்டு. ஏழு வயதிருக்கும்போது ஒரு நாள், மறு கையில் மிட்டாய்க்காக வைத்திருந்த நாலணாவைத் தவறுதலாகத் தட்டில் போட்டுவிட்டேன். போட்ட வேகத்தில் எடுக்கவும் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. "தட்டுல போட்டத எடுப்பாங்களாடி? கையே போயிடும்!" என்றாள். கை போகவில்லை, ஆனால் அன்றிலிருந்து என் கைக்கு ஒரு ஞானம் வந்துவிட்டது. தட்டில் கிடக்கும் காசை என் கண் பார்க்கும், கை பார்க்காது. காசைப் போட்டதும் உடம்பு அரை அடி பின்வாங்கும், தலை இலேசாகத் தாழும், கால்கள் வாசலை நோக்கித் திரும்பும். இதெல்லாம் யோசித்துச் செய்வதல்ல. இமை மூடித் திறப்பதைப் போல.

இனி அந்தப் பயணத்துக்கு வருகிறேன். அறுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் லண்டனில் ஒரு ரயில்வே அலுவலகத்தில் வரைபடக்காரர்; நான் ஒரு நூலகத்தில் அரை நாள் வேலை பார்த்தேன். எங்கள் ஊரிலேயே பல தலைமுறையாகத் தோல் வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த காதர் பாயும் அப்போது லண்டனில் இருந்தார். அவர் தம் பழைய கறுப்புக் காரை எங்களுக்கு மலிவாகக் கொடுத்தார். கார் வந்ததும் என் கணவருக்குக் கடலைத் தாண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் வந்தது. ஒன்பது நாள் விடுமுறை. வண்டி அவர் பொறுப்பு, பணம் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். பயணக் காசோலைகளை என் பெயரில் எடுத்து, ஒவ்வொன்றிலும் தமிழில் கையெழுத்திட்டேன். மாற்றும்போது அதே கையெழுத்தை வங்கியில் மறுபடி போட வேண்டும். திருடனே எடுத்துப் போனாலும் அந்தச் சுழிகளைப் போட அவனால் ஆகாது என்பது என் கணக்கு.

எங்களுக்குள் பந்தயம் மூண்டது காதர் பாய் வீட்டு விருந்தில். என் கணவர் கல்லூரி நாட்களிலிருந்தே சுயமரியாதைக்காரர். கோயிலுக்கு வந்தால் வாசலில் நின்று எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பாரே தவிர உள்ளே வரமாட்டார். கல்யாணமான புதிதில் எங்கள் ஊரில் தம்பதியாக மலையைச் சுற்றி வருவது வழக்கம். அவர் வர மறுத்துவிட்டார். எட்டு மைலுக்குக் குறையாத அந்தப் பாதையை அம்மாவோடும் அத்தைமார்களோடும் நடந்தேன். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் "மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். சிரித்த இடங்கள் எத்தனை என்று எனக்கு இன்னும் தெரியும். ஆகவே விருந்தில் அவர், "இவ கைல காசு குடுத்தா பாத்துக்கிட்டிருக்கையிலயே கரையும் பாய். திரும்பி வர்றதுக்குள்ள எல்லா செக்கையும் மாத்திடுவா" என்று சீண்டியபோது நான் விடவில்லை.

"கடைசி செக்க மாத்தாம கொண்டாந்துட்டா?" என்றேன்.

"நீ என்ன கேட்டாலும் செய்றேன்."

"ஊருக்குப் போறப்ப என்கூட மலை சுத்தணும். வெறுங்காலோட. முழுசா."

அவர் ஒரு கணம் பிரியாணியையே மறந்துவிட்டார். பிறகு, "தோத்தா சமையலறையில திங்கட்கிழமை திங்கட்கிழமை காசு போட்டு வெக்கிறியே, அந்த சாமி டப்பா, அத மூடிடணும்" என்றார்.

"சாட்சி நானு," என்றார் காதர் பாய், கைகழுவ எழுந்துகொண்டே. "தங்கச்சி, பாத்து. அங்க எல்லாமே ஜாஸ்தி. பேச்சு மட்டும் கம்மி, ஏன்னா அவங்க பாஷை உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது."

கப்பலிலிருந்து கார் இறங்கியதும் உலகம் இடம் வலமாக மாறிவிட்டது. எங்கள் காரில் ஓட்டுபவர் இருக்கை வலப்புறம். சாலையில் போக வேண்டியதும் வலப்புறம். ஆகவே ஓட்டியவர் பள்ளத்தோரமாக நிம்மதியாக உட்கார்ந்திருக்க, எதிரே வரும் லாரிகளுக்கு நேராக நான் உட்கார்ந்திருந்தேன். முந்திப் போகலாமா கூடாதா என்பதை நான்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "போலாங்க... போலாம்... ஐயோ, வேணாம்!" என்பதே அந்த ஒன்பது நாளும் எங்களுக்குள் நடந்த உரையாடலில் பாதி. துறைமுகத்தை விட்டுச் சுமார் இருபது மைல் போனதும் ஒரு கிராமத்து முனையில் பெட்ரோல் போட நிறுத்தினோம். முறுக்கிய மீசையும் தட்டைத் தொப்பியுமாக ஒரு கிழவர் தொட்டியை நிரப்பினார். பிறகு ஒரு காகிதத்தில் விலையை எழுதிக் காட்டினார். இரண்டாயிரத்து அறுநூறு.

"ரெண்டாயிரத்தி அறுநூறா!" என் கணவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "இந்த வண்டிய வித்தாக்கூட அவ்ளோ வராதே! பெட்ரோலா போட்டான், அத்தரா?"

எனக்கு அப்போது எங்கள் ஊர்க் கீரைக்காரியின் முகம் நினைவுக்கு வந்தது. நான் லண்டனுக்குப் புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்புதான் இந்தியாவில் அணா போய் நயா பைசா வந்தது. கடைத்தெருவே தலைகீழானது. ஓரணாவுக்கு ஆறு நயா பைசா என்றது அரசாங்கம். ஆறேகால் என்றது கணக்கு. ஏழு என்றாள் கீரைக்காரி. "கவர்மெண்டு காச மாத்துச்சு, என் கீரைக்கட்ட மாத்துச்சா? ஓரணான்னா ஓரணாதாம்மா. புதுக் காசுன்னா ஏழு வை" என்று அவள் நியாயம் பேசுவாள். அவள் கடைசிவரை அணாவில்தான் நினைத்தாள். புதுக் காசில் வாங்கிக்கொண்டாள். பிரான்சிலும் அண்மையில்தான் நூறு பழைய பிராங்கை ஒரு புது பிராங்காக மாற்றியிருக்கிறார்கள் என்று நூலகத்தில் படித்திருந்தேன். மீசைக் கிழவர் எங்கள் கீரைக்காரியின் ஒன்றுவிட்ட தம்பி. புதுப் பணத்தை வாங்கிப் பழைய பணத்தில் நினைக்கிறவர். நான் அவருடைய பென்சிலை வாங்கி, கடைசி இரண்டு சுன்னங்களை அடித்தேன். இருபத்தாறு. கிழவர் தோளைக் குலுக்கி, அது உங்கள் வசதி என்பதைப் போலத் தலையசைத்தார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு மரியாதையை நான் மூன்று நான்கு தடவைதான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெருமிதத்தோடு மூன்று பத்து பிராங்க் நோட்டுகளைக் கிழவர் நீட்டிய பித்தளைத் தட்டில் வைத்தேன். அரை அடி பின்வாங்கினேன். தலை தாழ்ந்தது. வந்து காரில் ஏறிக்கொண்டேன். பின்னால் கிழவர் ஏதோ கத்தினார். "பாத்துப் போயிட்டு வாங்கன்னு சொல்றாரு" என்று என் கணவருக்கு மொழிபெயர்த்தேன்.

பிறகு வந்த நாட்களைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வழி கேட்டால் மலைக்கு இந்தாண்ட, அந்தாண்ட என்று சொல்லிவிடுவார்கள். தலையை நிமிர்த்தினால் திசை தெரிந்துவிடும். இங்கே அப்படி நிமிர்ந்து பார்க்க ஒன்றும் இல்லாததால், நான் தேசப்படத்தை மடியில் விரித்து, கார் திரும்பும் பக்கமெல்லாம் அதையும் திருப்பிக்கொண்டே வந்தேன். ஊருக்கு ஊர் சதுக்கம், சதுக்கத்தின் நடுவில் குதிரை மேல் ஒரு வீரர் சிலை. அதை இடக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும் என்பது அவர்கள் சட்டம். மலையை வலக்கைப் பக்கம் வைத்தே சுற்றிப் பழகிய எனக்கு இது அப்பிரதட்சிணம், சாமியை எதிர்த்திசையில் சுற்றும் பாவம். ஒவ்வொரு சிலையிடமும் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டேன். "அது யாரோ ஒரு தளபதி. அவனுக்கு உங்க சாஸ்திரம் தெரியாது, வாய மூடிக்கிட்டு வழிய சொல்லு" என்றார் அவர்.

சிக்கனத்தில் நான் குறை வைக்கவில்லை. லண்டனிலிருந்து எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டுபோயிருந்தேன். ரொட்டியும் தக்காளியும் வாங்கி மரநிழலில் நிறுத்திச் சாப்பிட்டோம். ஹோட்டலில் ஒரு வேளைக்கு மேல் உண்பதில்லை. கடைகளில் எல்லாரும் எங்களிடம் அசாத்திய மரியாதை காட்டினார்கள். முதல் நாள் இரவு உணவு சாப்பிட்ட இடத்தில் பரிமாறியவர் கார் வரை வந்து கதவைத் திறந்துவிட்டார். தபால்தலை வாங்கிய கடையில் ஒரு அம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். எல்லாம் புடவையின் மகிமை என்று நான் நினைத்தேன். புடவைக்கு இவ்வளவு மதிப்புத் தரும் ஒரு நாட்டை விட்டுவிட்டு நாம் ஏன் லண்டன் மழையில் கிடக்கிறோம் என்றுகூடக் கேட்டேன்.

ஆனால் பை இளைத்துக்கொண்டே வந்தது. மண்டிக் கணக்கர் மகள் நான். வாங்கிய ஒவ்வொன்றையும் எழுதிவைத்திருந்தேன். எழுதியதைக் கூட்டினால் ஒரு தொகை வந்தது; பையில் இருந்ததைக் கூட்டினால் வேறொரு தொகை வந்தது. ஐந்தாம் நாள் ஒரு காசோலை மாற்றினேன். வங்கிக் குமாஸ்தா என் தமிழ்க் கையெழுத்தைச் சுழி சுழியாக விரலால் தடவிப் பார்த்து, ஒரு புள்ளி குறைகிறது என்று சுட்டிக்காட்டினார், வைத்துக் கொடுத்தேன். ஏழாம் நாள் இன்னொன்று. கையில் மிஞ்சியது ஒரே ஒரு காசோலை, பந்தயக் காசோலை. விடுதியில் யாரோ எடுக்கிறார்கள் என்றேன். பையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தோம், அப்போதும் குறைந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு நாள் காலை அவர் குளிக்கப் போயிருந்தபோது அவருடைய சட்டைப் பையையும் பார்த்தேன். பந்தயத்தில் ஜெயிக்க அவரே ஒளித்துவைக்கிறாரோ என்று. அதில் ஒரு சீப்புதான் இருந்தது. அவரோ, "உன் சாமி தன் பங்க எடுத்துக்கறாரு போல" என்று கேலி செய்துகொண்டே வந்தார். எவ்வளவு சரியாகச் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது.

ஒன்பதாம் நாள். மாலைக் கப்பலுக்குத் துறைமுகம் போய்ச் சேர வேண்டும். மறுநாள் காலை அவர் வேலையில் இருக்க வேண்டும். கப்பல் சீட்டு முன்பே வாங்கியது. பெட்ரோல் முள் கால் பங்குக்குக் கீழே. என் பையில் சில நாணயங்கள். என் கணவர் ஒரு சிறு நகரத்துச் சதுக்கத்தில், சரியாக வங்கி வாசலில் வண்டியை நிறுத்தி, பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தோத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. கையெழுத்த போடு. பாங்க் தெறந்தே இருக்கும், போய் மாத்திக்கலாம்."

டப்பா போனால் போகிறது. மலை போய்விட்டதே என்று இருந்தது. பேனாவை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய் வங்கிக் கதவைத் தள்ளினேன். கதவு அசையவில்லை. இழுத்தேன், அதற்கும் அசையவில்லை. பக்கத்துக் கடை மூடியிருந்தது. எதிர்க் கடையும் மூடியிருந்தது. தேவாலய மணிகள் ஒரே முழக்கமாக அடித்துக்கொண்டிருந்தன.

"இன்னிக்கு என்ன தேதி?" என்றார் அவர், காருக்குள்ளிருந்து.

"ஆகஸ்ட் பதினஞ்சு."

"அது நமக்குத்தானே லீவு? நமக்கு சுதந்திரம் கெடச்சா இவனுங்க எதுக்கு பாங்க மூடணும்?"

அவருக்கு விடை சொல்வதைப் போலத் தெருமுனையில் ஓர் ஊர்வலம் திரும்பியது. நீல முக்காடு அணிந்த ஓர் அம்மன் சிலையை நாலு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். முன்னால் பூத்தூவும் பெண்கள், பின்னால் மெழுகுவத்தி. மாதாவுக்கு அன்று திருநாள் என்பது பிறகு தெரிந்தது. என் கணவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "இங்கயுமா!" என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. வங்கியை மூடிப் பந்தயத்தைக் காப்பாற்றியது எந்தத் தெய்வமானால் என்ன, ஒரு பெண் தெய்வம் அது.

சிரிப்பு பசியைப் போக்காது. திறந்திருந்த ஒரே கடை ரொட்டிக்கடை. உள்ளே போய் ஒரு நீள ரொட்டியைக் காட்டினேன். கண்ணாடித் தட்டில் ஐந்து பிராங்க் நாணயம் ஒன்றை வைத்தேன். அரை அடி பின்வாங்கித் தலை தாழ்த்தி, வந்து காரில் ஏறினேன். வண்டி நகர்ந்ததும் பின்னால் கூச்சல். கடைக்காரி, மாவு படிந்த மேலங்கியோடு, கையில் தட்டை ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். கொண்டையிட்ட பருத்த அம்மாள். ஓட்டத்தில் கொண்டை அவிழ்ந்துவிட்டது.

"என்னாத்த எடுத்தே?" என்றார் என் கணவர் பதறி.

"ரொட்டிதாங்க! காசு வெச்சேனே!"

"பத்தல போல இருக்கு. இல்ல நீ வெச்சது செல்லாத காசு. போலீஸ கூப்பிடப் போறா." அவர் வேகத்தைக் கூட்டினார். ஆனால் சட்டப்படி சதுக்கத்தைச் சுற்றித்தானே வெளியே போக வேண்டும்? நாங்கள் தளபதி சிலையை அப்பிரதட்சிணமாகச் சுற்றி வருவதற்குள், அவள் புல்வெளியைக் குறுக்கே கடந்து வந்து காருக்கு முன்னால் நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியபடி என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, தட்டை நீட்டினாள். தட்டில் நாணயங்கள் இருந்தன. என்னால் வேறு என்ன செய்ய முடியும்? நீட்டப்பட்ட தட்டு. நான் பையைத் துழாவி, மிச்சமிருந்த ஒரு பிராங்கையும் எடுத்து அதில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நோன், மதாம்! நோன், நோன், நோன்!"

அவள் ஜன்னல் வழியே என் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கையைத் திருப்பினாள். தட்டை அதில் கவிழ்த்தாள். எல்லா நாணயங்களும் என் கையில் விழுந்தன. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மூடிய என் கைமேல் தட்டிக் கொடுத்தாள், நாலணாவைத் தொலைத்த ஏழு வயதுக் குழந்தைக்குச் செய்வதைப் போல. பிறகு என் கணவரைப் பார்த்து நெற்றிப்பொட்டில் ஒரு விரலைச் சுழற்றி, இவளுக்கு மூளை சரியில்லையா என்று காட்டிவிட்டு, கொண்டையை முடிந்துகொண்டே போய்விட்டாள்.

வண்டி மறுபடி நகர்ந்தது. என் கையில் மாவு ஒட்டியிருந்தது. நான் மெதுவாக, "மீதியையும் தட்டுலதான் வெப்பாங்க போல இருக்குங்க" என்றேன்.

"ஒன்பது நாளா..."

"ஆமாங்க."

"எல்லாக் கடையிலயுமா?"

"எல்லாக் கடையிலயும்."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார், ஓட்ட முடியவில்லை. சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "அந்த சர்வர் கதவ தெறந்து விட்டானே... பொடவ மகிமையா? தபால்தலைக்காரி எழுந்து நின்னாளே... சகுந்தலா, நீ பிரான்சு முழுக்க அர்ச்சனை பண்ணிட்டு வந்திருக்கே!" என்றார். பிறகு சட்டென்று கறாரானார். "ஆனா பந்தயம் பந்தயம்தான். இந்த சில்லறைக்கு அஞ்சாறு லிட்டர் பெட்ரோல்தான் வரும். துறைமுகம் வரைக்கும் அது பத்தாது."

நான் தேசப்படத்தை விரித்தேன். வந்த வழியாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தோம். முதல் நாள் விட்டுவந்த மீதிகள் எல்லாம் இனி வழியில்தான் இருக்கின்றன. அதைச் சொன்னபோது அவர் என்னை ஆழ்ந்து பார்த்தார். "தட்டுல போட்டத திருப்பிக் கேக்கப் போறியா? நீயா?" அவர் கேலிதான் செய்தார். எனக்கு மட்டும் மணிக்கட்டில் ஒரு வளையல் உடையும் வலி வந்தது.

இருந்த சில்லறைக்கு வழியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, முதல் இரவு உணவு சாப்பிட்ட இடத்துக்கு வந்தோம். கேட்டுவிடுவது என்று உறுதியோடுதான் உள்ளே போனேன். பரிமாறுகிறவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஜன்னலோர மேசையைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். சமையற்காரரையும் உள்ளேயிருந்து அழைத்து வந்து என்னைக் காட்டினார். இருவரும் குனிந்தார்கள். மகாராணியாக வணங்கப்படுகிறவள் நாலு காசு பாக்கியைக் கேட்பது எப்படி? ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு, நன்றி சொல்லி வெளியே வந்தேன். "கெடச்சுதா?" என்றார் என் கணவர். "தண்ணி கெடச்சுது" என்றேன்.

அதன்பின் முள் அடிமட்டத்தில் படுத்துவிட்டது. இறக்கங்களில் என்ஜினை அணைத்து உருட்டினார். மீசைக் கிழவரின் பெட்ரோல் கடை கண்ணில் பட்டபோது கார் இருமத் தொடங்கியிருந்தது. கடை வாசலில் நின்றேவிட்டது. துறைமுகம் இன்னும் இருபது மைல். கப்பலுக்கு ஒன்றரை மணி நேரம். என் கணவர் எங்களிடம் இருந்த இங்கிலீஷ் ஷில்லிங்குகளை நீட்டினார். கிழவர் அவற்றைத் தொடக்கூட இல்லை. என் கணவர் பேனாவைத் திறந்து என் கையில் வைத்தார். "போதும்மா. செக்க காட்டுவோம், வாங்கிப்பாரு. கப்பல் போயிடும்." இம்முறை அவர் குரலில் கேலி இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. காசோலையைக் காரின் மூடிமேல் விரித்தேன்.

கிழவர் என் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு விரலை உயர்த்தி, நில் என்று சைகை காட்டிவிட்டு உள்ளே போனார். சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஊசி குத்தி மாட்டியிருந்த ஓர் உறையைக் கழற்றிக்கொண்டு வந்தார். என் பெயர் அவருக்குத் தெரியாதல்லவா? ஆகவே உறைமேல் படம் வரைந்திருந்தார். செங்குத்தாக ஒரு கோடு. அதைச் சுற்றிச் சுற்றி இன்னொரு கோடு. உச்சியில் ஒரு பொட்டு. நான்தான். உறைக்குள் நாலு பிராங்க் இருந்தது. அவர் அன்று கத்தியது போய்வாருங்கள் என்பதற்காக அல்ல.

அதை அவர் என் கையில் தரவில்லை. பித்தளைத் தட்டை எடுத்து, நாலு நாணயத்தையும் அதில் வரிசையாக வைத்து, எனக்கு முன்னால் நீட்டினார். என் கை போகவில்லை. கிழவர் பொறுமையாக நின்றார். என் கணவர் அப்போது ஒரு கேலி செய்திருந்தால் நான் திரும்பி நடந்திருப்பேன். கடைசியில் நான் கண்ணை மூடி, நாலு காசையும் எடுத்து, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, மறுபடி அதே தட்டில் வைத்து, பெட்ரோல் குழாயைக் காட்டினேன். கிழவர் என் கணவரைப் பார்த்தார். இவர் தோளைக் குலுக்கினார். பிரெஞ்சுக்காரரைப் போலவே குலுக்க வந்துவிட்டது. கிழவர் நாலு லிட்டர் ஊற்றி, காகிதத்தில் நானூறு என்று எழுதிக் காட்டினார். யாரும் அதிர்ச்சியடையவில்லை.

லண்டன் திரும்பிய வாரமே காதர் பாய் வீட்டில் வழக்கு நடந்தது. என் கணவர் வாதாடினார்: ஒரு காசோலைக்கு மேலான பணத்தைக் கடை கடையாக இறைத்தவள் எப்படி ஜெயித்தவள் ஆவாள்? காதர் பாய் கண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"பந்தயம் செக்கு மேலதானே தம்பி? செக்கு வந்துச்சா, இல்லியா?"

"வந்துச்சு. ஆனா..."

"அப்ப மலைய சுத்துங்க. பயப்படாதீங்க. தோல் வாங்கறதுக்கு சைக்கிள்ல நானே எத்தினியோ வாட்டி சுத்தியிருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆவல."

இரண்டாண்டு கழித்து ஊருக்குப் போனபோது அவர் வாக்குத் தவறவில்லை. கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை. "சாமிக்காக இல்ல, பந்தயத்துக்காக" என்று புறப்படும்போதே அறிவித்தார். வெறுங்கால் ஒரு மைலிலேயே சிவந்துவிட்டது. பிரான்சு நினைப்பிலோ என்னவோ, சாலையின் வலப்புறமாகவே நடந்து, எதிரே வந்த மாட்டுவண்டிக்காரனிடம் வசவு வாங்கினார். தெரிந்தவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்னாங்க, லண்டன்ல காரு வாங்கிட்டீங்கன்னாங்க, இங்க நடந்து போறீங்க?" என்றார். "காரு வாங்குனதாலதான் நடக்கிறேன்" என்றார் இவர். மலை எங்கள் வலக்கைப் பக்கம் நின்று, நாங்கள் போகப் போகத் தன் முகத்தை மாற்றிக்கொண்டே வந்தது. யாரும் என்னிடம் மாப்பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை. கேட்கமாட்டார்களா என்று சில இடங்களில் நானே நின்று பார்த்தேன்.

சுற்றி முடித்துக் கோயில் வாசலுக்கு வந்தபோது அவருக்கு ஒரு சங்கடம். காவல் காக்கச் செருப்பு இல்லை. இரண்டு மூன்று தடவை அங்குமிங்கும் பார்த்துவிட்டு, வெயிலில் நிற்க முடியாது என்று முணுமுணுத்து என் பின்னாலேயே உள்ளே வந்தார். சன்னதியில் தீபாராதனை முடிந்து, குருக்கள் தட்டோடு எங்களிடம் வந்தார். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரு ரூபாய் போடத்தான் நினைத்திருந்தேன்; சில்லறை இல்லாததால் ஐந்து ரூபாய் நோட்டைத் தட்டில் வைத்தேன்.

வைத்துவிட்டு நின்றேன். உடம்பு பின்வாங்கவில்லை. தலை தாழவில்லை. என் வலக்கை, விரல்கள் குவிந்து, உள்ளங்கை மேல்நோக்கி, தட்டுக்கு மேலே நீட்டியபடி நின்றது. எதற்காக நிற்கிறது என்று எனக்கே முதலில் புரியவில்லை. புரிந்தபோது இழுத்துக்கொள்ள நேரம் இல்லை. அந்தக் கை நாலு ரூபாய் மீதிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

குருக்களுக்கு என்ன தெரியும்? கை நீட்டிய பக்தைக்குக் கொடுப்பதைக் கொடுத்தார். சில்லறைக்காக நீட்டிய கையில் திருநீறு விழுந்தது. மாவைப் போல மென்மையாக இருந்தது.

அந்தச் சன்னதியில் என் கை எதற்காக நீண்டது என்று அறிந்த ஒரே ஆள், என் தோளுக்குப் பின்னால் குனிந்து, குருக்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"மீதி சரியா இருக்கான்னு எண்ணிப் பாத்துக்கோ."